படகுக் கடையின் ஈரம்

தீக்குச்சி பற்றவில்லை. ராமன் இன்னொன்றை எடுத்து உரசினான். மருந்து களிம்பு மாதிரி இழுபட்டு, பெட்டியின் ஓரத்தில் பழுப்புக் கோடாக ஒட்டிக்கொண்டது. அவன் தலையிலிருந்த பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, உதட்டில் பீடியைக் கவ்வியபடியே அடுத்த குச்சியை எடுத்தான்.

"சடையா, இது தீப்பெட்டியா, கண்மைப் பெட்டியா?"

"பெட்டி மேல குத்தம் சொல்லாத. நீ உரசற உரசல் சரியில்ல," என்றான் சடையன், டீயை ஆற்றிக்கொண்டே.

"மீசை மொளச்ச நாளா உரசறேன். உன் கடைக்கு வந்தாதான் கை மறந்துபூடுது."

"அடுப்பு எரியுது இல்ல? குனிஞ்சு பத்த வெச்சிக்கோ. அதுக்கு நான் காசு கேட்டனா?"

ராமன் குனிந்து அடுப்பில் பீடியைப் பற்றவைத்தான். புகையை விட்டபடி கடையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தான். "தண்ணியில ஓடுன வரைக்கும் இந்தப் படகு காஞ்சிதான் இருந்திருக்கும். தரைக்கு வந்தப்புறம்தான் இதுக்கு ஜலதோஷம்," என்று சொல்லிவிட்டுப் பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு போனான்.

உள்ளே பிஸ்கட் பாட்டில்களுக்குப் பின்னால் நின்றிருந்த சரசுவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் கையில் ஒரு அப்பளம் இருந்தது. அதை இரண்டாக மடித்தாள், மடிந்தது. நாலாக மடித்தாள், அதற்கும் மடிந்தது. கைக்குட்டை மாதிரி அதை அலமாரியில் வைத்துவிட்டு, பெருமூச்சு விட்டாள்.

அடி அண்ணாமலையைத் தாண்டி, மலை சுற்றும் பாதையில், புளிய மரங்களுக்கு நடுவே ஒரு படகு நிற்கிறது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். நிஜமாகவே நின்றது. எங்கோ ஒரு அணைப் பூங்காவில் ஜனங்களை ஏற்றிச் சுற்றிக்காட்டிய மரப் படகு. மேலே கூரை, இரண்டு பக்கமும் ஜன்னல், உட்கார நீளப் பலகை. பழசானதும் ஏலம் விட்டார்கள். சடையன் அப்போது சுப்பிரமணியின் லாரியில் கிளீனராக இருந்தான். கடை போட நாலு பெஞ்சு எடுக்கலாம் என்று ஏலத்துக்குப் போனவன், படகோடு வந்தான்.

அதற்குச் சரசுதான் காரணம். ஏலத்துக்கு அவளும் போயிருந்தாள். "பெஞ்சு வாங்கினா அப்புறம் கூரை போடணும், சுவர் வைக்கணும். இதுல எல்லாமே இருக்குதுங்க," என்று அவள் மெதுவாகச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் சடையன் ஏலம் கேட்டுவிட்டான். அன்றிலிருந்து படகில் எது கெட்டாலும், நாம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்று அவளுக்குத் தோன்றும். சும்மாவே அவள் அப்படித்தான். பூட்டிய கதவை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பாள். குழம்பில் உப்பு சரி என்று மூன்று பேர் சொன்ன பிறகும் நாலாவது ஆளைக் கேட்பாள்.

ஆனாலும் அந்தப் படகு அவளுக்கு வேண்டியிருந்தது. கல்யாணமான புதிதில் சடையன் லாரியோடு போனால் எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. வந்தால் துணி துவைத்துக் காய்வதற்குள் கிளம்பிவிடுவான். கொடியில் ஈரச் சட்டையைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அழுகை வரும். கடை என்று ஒன்று இருந்தால் மனுஷன் வீட்டோடு இருப்பான். அவள் கணக்கு அவ்வளவுதான்.

படகு வந்து இறங்கிய நாளிலேயே அதை எப்படி நிறுத்துவது என்று பெரிய வழக்கு நடந்தது. தீர்ப்புச் சொன்னது சடையனின் அம்மா காசியம்மாள். மலைக்கு முதுகைக் காட்டி ஒரு பொருளையும் வைக்கக் கூடாது என்பது அவள் கட்சி. ஆகவே படகின் மூக்கு மலையைப் பார்த்து நின்றது. வெறுமனே பார்த்தால் போதாது, கும்பிட வேண்டும் என்று மூக்குக்கு அடியில் கல் கொடுத்து உயர்த்தினார்கள். பின்பக்கம் தாழ்ந்தது. தெற்குப் பக்கத்து ஜன்னலை அறுத்துக் கல்லா வைத்தார்கள். அடுப்பை வெளியே கீற்றுப் பந்தலில் போட்டார்கள்.

பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் காசியம்மாள் படகைச் சுற்றி வந்தாள். பின்பக்கத்தில், அடியில், கட்டை விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. அதில் ஒரு மரக்கட்டை செருகியிருந்தது, தொட்டதும் ஆடியது.

"இது இன்னாடா ஓட்டை?"

"படகுன்னா இருக்கும்மா. எதுக்கோ வெச்சிருப்பாங்க," என்றான் சடையன்.

"வியாபாரம் பண்ற எடத்துல அடியில ஓட்டை இருந்தா லட்சுமி தங்குவாளா? வர்றது எல்லாம் அது வழியா ஒழுகிப் போயிடும்."

அவளே சிமெண்டைக் குழைத்தாள். அவளே அடைத்தாள். காய்ந்ததும் மேலே மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டும் வைத்தாள். அப்புறம் தச்சனைக் கூப்பிட்டு, உள்ளே படகின் குழிந்த வயிற்றுக்கு மேல் சமமாகப் பலகை அடித்துத் தரை போட்டார்கள். கடை ஆவணியில் திறந்தது. ஐப்பசிக்குள் ஈரம் பிடித்தது.

முதலில் உப்பு நீர்த்தது. அப்புறம் சர்க்கரை கட்டியது. முறுக்கு வளைந்தது. பீடிக்கட்டில் வெள்ளையாகப் பூத்தது. காலையில் கதவைத் திறந்தால் பழைய கிணற்றை எட்டிப் பார்த்த மாதிரி ஒரு வாசனை.

சடையன் கூரைதான் ஒழுகுகிறது என்றான். ஏறித் தார் பூசினான். ஈரம் போகவில்லை. இன்னொரு தரம் பூசினான். அதற்கும் போகவில்லை. ஒருநாள் டவுனுக்குப் போய்த் தேரடி வீதியில் நின்றவன், பளிச்சென்று முகம் மலர்ந்து வந்தான்.

"சரசு, கோயில் தேரைப் பாத்திருக்கியா? வருஷம் பூரா மழையில நிக்குது. ஒரு சொட்டு உள்ள போவுதா? சுத்தியும் தகரம் அடிச்சிருக்காங்க. நம்மளும் அடிச்சிடலாம்."

அடித்தார்கள். கல்லாவையும் கதவையும் விட்டு, மீதி ஜன்னல் எல்லாம் தகரத்துக்குள் போயின. தேருக்குச் சரிதான், அது ஆளுயரச் சக்கரத்தில் நிற்கிறது, அடியில் காற்று ஓடுகிறது. படகு தரையில் உட்கார்ந்திருந்தது. ஒரே வாரத்தில் உள்ளே இருட்டும் புழுக்கமும் சேர்ந்து, பலகைச் சந்தில் குடைக்காளான் முளைத்தது. காளானைப் பார்த்த அன்று சடையன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

"கார்த்திகை தீபத்தோட சரி," என்றான் அன்று மாலை. "தீபத்துக்கு வர்ற கூட்டத்துல இதே மாதிரி நமத்த சரக்கை வெச்சுக்கிட்டு நின்னோம்னா ஊர் சிரிக்கும். அது முடிஞ்சதும் படகைச் செங்கச் சூளைக்கு விறகுக்குக் குடுத்துடுவேன். சுப்பிரமணி தீபத்துக்கு வர்றான். பம்பாய் லோடு இருக்குதாம், கூட வான்னு சொல்லியிருக்கான். நானும் சரின்னுட்டேன்."

"கேக்காமயா சரின்னீங்க?"

"உன்னை இன்னா கேக்கறது? உனக்கும்தான் கஷ்டமா இருக்குது."

தன் கஷ்டம் அது இல்லை என்று அவனிடம் எப்படிச் சொல்வது என்று சரசுவுக்குத் தெரியவில்லை. கொடியில் தொங்கும் ஈரச் சட்டை கண்ணுக்குள் வந்து நின்றது.

மறுநாள் அவள் தேங்காய்த் தொட்டிகளைக் கழுவிக் காயவைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி கல்லுப்பை அளந்து போட்டாள். கூரையை ஒட்டிய மேல் அலமாரியில் ஒன்று, ஜன்னல் ஓரத்தில் ஒன்று, நடுவில் கயிறு கட்டித் தொங்கவிட்டு ஒன்று, தரையில் மூக்குப் பக்கம் ஒன்று, தரையில் பின்பக்கம் ஒன்று.

"இன்னாது, உப்புக்குக் கொலு வெக்கறியா?" என்றான் சடையன்.

"எங்க ஜாஸ்தி ஈரம், எங்க கம்மின்னு பாக்கறேங்க."

"கூரையிலதான்னு சொல்றேனே."

"இருக்கும். எதுக்கும் பாத்துடறேன்."

காலையில் மாமியார் எழுந்து வருவதற்கு முன்னால் போய்ப் பார்த்தாள். மேல் அலமாரித் தொட்டியில் உப்பு உப்பாகவே இருந்தது. தொங்கிய தொட்டியில் லேசாகப் பிசுபிசுப்பு. தரையில் மூக்குப் பக்கத்தில் பாதி நீர்த்திருந்தது. பின்பக்கத் தொட்டியில் உப்பே இல்லை, தண்ணீர்தான் நின்றது.

சந்தோஷப்படுவதற்குப் பதில் அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஒருவேளை அந்தத் தொட்டியே சரியாகக் காயவில்லையோ? எல்லாத் தொட்டியையும் மறுபடி வெயிலில் வைத்தாள். புது உப்புப் போட்டு, இடம் மாற்றி வைத்தாள். மேலே இருந்ததைக் கீழே, கீழே இருந்ததை மேலே. அடுத்த நாளும் பின்பக்கத் தரையில் இருந்ததுதான் தண்ணீராகியிருந்தது. கூரைக்குக் கிட்டே இருந்தது கலகலவென்று சத்தம் போட்டது.

அப்படியென்றால் ஈரம் மேலே இருந்து வரவில்லை. கீழே இருந்து ஏறுகிறது. அவள் தொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது காசியம்மாள் குடத்தோடு வந்தாள்.

காசியம்மாளுக்குக் கடையைக் கழுவாமல் வியாபாரம் தொடங்கக் கூடாது. விடிந்ததும் ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து, முதல்நாள் பூவைச் சாமி படத்திலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு, தரை முழுக்க ஊற்றித் துடைப்பத்தால் ஒரு தள்ளுத் தள்ளுவாள். இன்றும் ஊற்றினாள். தண்ணீர் பலகை மேல் பளபளவென்று ஓடி, கண் இமைப்பதற்குள் காணாமல் போனது.

"பாத்தியாடி? எவ்வளவு நல்ல தரை," என்றாள் வழக்கம் போலப் பெருமையாக. "ஊத்தறதுக்குள்ள காஞ்சிடுது. துடைக்கற வேலையே இல்ல."

தினமும் கேட்ட பேச்சுதான். இன்றைக்கு அது சரசுவின் காதில் வேறு மாதிரி விழுந்தது. அவள் வெளியே இறங்கினாள். படகின் விலாவுக்கு அடியில், மழை படாத ஓரத்தில் குனிந்து பார்த்தாள். அங்கே மண் பொடியாகக் காய்ந்து கிடந்தது. குழியானைப் பூச்சிகள் சின்னச் சின்னக் குழி பறித்து உள்ளே பதுங்கியிருந்தன. ஈரம் பட்ட மண்ணில் குழியானை இருக்காது. ஊற்றின தண்ணீர் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. பின்னே எங்கே போயிற்று?

அம்மிக் குழவியை எடுத்துவந்து படகின் விலாவில் மெல்லத் தட்டினாள். மேலே தட்டினால் தகர டப்பா மாதிரி கேட்டது. கீழே, பின்பக்கம் தட்டினால் நிறைகுடத்தைத் தட்டினது போல் 'தொம்' என்றது.

தார் பூசிய பலகை. வெளியே இருக்கிற தண்ணீரை உள்ளே விடாமல் இத்தனை வருஷம் காத்தது. உள்ளே ஊற்றின தண்ணீரை மட்டும் வெளியே விட்டுவிடுமா? அதற்கு என்று செய்து வைத்திருந்த ஒரே வழியும் பொட்டு வைத்துக்கொண்டு அடைபட்டுக் கிடக்கிறது.

அவள் சடையனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் முழுக்கக் கேட்டான். அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது. உடனே அணைந்தும் போனது.

"நீ சொல்றது சரிதான்னு தோணுது. ஆனா அம்மாகிட்ட யார் சொல்றது?"

"நீங்கதான். உங்க அம்மாதானே?"

"அதனாலதான் சொல்ல முடியாது. நீ சொல்லு, மருமகப் பேச்சுன்னா நாலு வார்த்தை திட்டிட்டு விட்டுடும். நான் சொன்னா சோறு திங்காது."

"ஒருவேளை நான் நெனச்சது தப்பா இருந்துட்டா? பலகையைப் பேத்துப் பாத்து அடியில ஒண்ணுமே இல்லன்னா?"

"அப்ப ரெண்டு பேருமா பம்பாய் போயிடலாம்," என்றான் சடையன்.

சரசு அன்று முழுக்க அதையே யோசித்தாள். பலகையைப் பெயர்க்க வேண்டும். மாமியாரே பெயர்க்கச் சொல்ல வேண்டும். ஏதாவது கீழே விழுந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் பொய் சொன்னால் அவள் காது மடல் சிவந்துவிடும், சின்ன வயசிலிருந்தே. ஆகவே மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து, வலது கால் மெட்டியைக் கழற்றி, சாமி படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பின்பக்கப் பலகைச் சந்தில் நிஜமாகவே போட்டாள்.

'டுளுக்' என்றது.

மரத்தில் விழுந்த சத்தம் இல்லை அது. அவளுக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அடக்கிக்கொண்டு, "அத்தை!" என்று கூப்பிட்டாள். "என் மெட்டி பலகைச் சந்துல விழுந்துடுச்சு."

பந்தலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த காசியம்மாள் கத்தியோடு ஓடிவந்தாள். "அடிப்பாவி, மெட்டியா? சுமங்கலி கால்ல மெட்டி இல்லாம ஒரு நிமிஷம் இருக்கக் கூடாதுடி. சடையா! டேய் சடையா! கடப்பாரையைக் கொண்டாடா! பலகையைப் பேத்து எடு!"

"இப்பவா? வியாபார நேரத்துலயா?" என்றான் சடையன், கடப்பாரையை ஏற்கெனவே கையில் வைத்துக்கொண்டு.

மாலைப் பூவோடு வந்த ராமனும் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டான். முதல் பலகை கிரீச்சென்று எழுந்தது. அடுத்ததையும் சடையன் தூக்கினான். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

அடியில் குளம். முழங்கால் அளவு தண்ணீர், நல்ல மஞ்சள் நிறத்தில். மேலே அழுகிய சாமந்தியும் அரளியும் மிதந்தன. அதன் நடுவே ஒரு தவளை, வீட்டுக்காரனைப் போல நிதானமாக இவர்களைப் பார்த்துவிட்டு, ஒரு தாவுத் தாவிப் பிஸ்கட் டின் மேல் உட்கார்ந்தது.

"ஐயங்குளத்துக்கு எதுக்குப் போவணும்?" என்றான் ராமன். "தெப்பத்தை இங்கயே வுட்டுடலாம். தண்ணி மேல படகு இல்லாம, படகு உள்ளயே தண்ணி!"

காசியம்மாள் சிரிக்கவில்லை. மஞ்சள் தண்ணீரைப் பார்த்தாள். மிதக்கும் பூவைப் பார்த்தாள். தன் கையிலிருந்து தினமும் போன பூ அவளுக்குத் தெரியாதா? அவள் முகம் ஒரு நிமிஷம் சிறுபிள்ளை முகம் மாதிரி ஆனது. உடனே நிமிர்ந்துகொண்டாள்.

"இன்னாடா சிரிப்பு? சாக்கடைத் தண்ணியா இது? சாமிக்குப் போட்ட பூவும் மஞ்சளும். தீர்த்தம்னு சொல்லு."

சரசு வாயைத் திறந்தாள், மூடினாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது. "அத்தை," என்றாள். "தீர்த்தம்தான். ஆனா கோயில்ல அபிஷேகம் பண்ற தீர்த்தத்தை மூலஸ்தானத்துக்குள்ளயே நிக்க விடறாங்களா?"

"அது எப்படி நிக்கும்? கோமுகம் வழியா வெளிய வந்துடும்."

"கோமுகம் ஒழுகிச்சுன்னு யாராவது அடைக்கறாங்களா?"

"கோமுகத்தை அடைப்பாங்களாடி, பைத்தியக்காரி!" என்று சொல்ல ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திவிட்டாள்.

டின் மேல் தவளை மட்டும் தொண்டையை உப்பி உப்பி அடக்கியது. சரசுவுக்குக் காது மடல் சூடேறியது, பொய் சொல்லாமலே.

காசியம்மாள் இறங்கிப் படகின் பின்பக்கம் போனாள். தான் வைத்த பொட்டைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். அப்புறம் மலையைப் பார்த்தாள்.

"கோமுகம்னா வடக்கால இருக்கணும்," என்றாள். "இது மேக்கப் பாத்துல்ல இருக்குது. ஒரு கொழாயைச் செருகி வடக்கால திருப்புங்க. அப்பன்னா தோஷம் இல்ல. இப்ப ராகுகாலம், முடிஞ்சதும் ஒடைங்க."

உடைத்தார்கள். சிமெண்ட் பெயர்ந்ததும் மஞ்சள் தண்ணீர் பீறிட்டு வந்து சடையன் வேட்டியை முழுக்க நனைத்தது. காசியம்மாள் அவனைப் பார்த்து அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். சேற்றைத் துழாவி மெட்டியை எடுத்தவளும் அவள்தான். கழுவி, தானே உட்கார்ந்து மருமகள் காலில் மாட்டிவிட்டாள். மாட்டும்போது, "சந்து பாத்துத்தான் விழுந்திருக்குது உன் மெட்டி," என்றாள் தலை நிமிராமல். சரசு காது மடலை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

தீபத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. நின்ற தண்ணீர் போனாலும் மரத்தில் ஊறின தண்ணீர் சட்டென்று போகுமா? சரசு ஒவ்வொன்றாகச் செய்தாள். சரக்கை எல்லாம் வீட்டுக்கு மாற்றினாள். தரைப் பலகைகளைக் கழற்றி வெயிலில் சாய்த்தாள். படகின் வயிற்றைத் துணியால் ஒற்றி, வேப்பிலையும் சாம்பிராணியும் போட்டுப் புகை காட்டினாள். சுண்ணாம்புச் சூளையிலிருந்து நீர் படாத சுட்ட கல் வாங்கிவந்து சட்டிகளில் போட்டு மூலைக்கு ஒன்றாக வைத்தாள். காற்றில் இருக்கிற ஈரத்தை அது இழுத்துக்கொண்டு பொடியாக உதிரும். உதிர்ந்ததை மாற்றினாள்.

தகரத்தைக் கழற்ற வேண்டும் என்று சொன்னபோதுதான் சடையனுக்கு மனசு வரவில்லை. "தேர் மாதிரி இருந்துச்சு," என்றான்.

"தேருக்குச் சக்கரம் இருக்குதுங்க. நம்ம படகுக்கு அடியில காத்து போவலியே."

அப்போதுதான் அவனுக்கு வேகம் வந்தது. ஆட்களைக் கூப்பிட்டு, படகை நெம்பி, அடியில் வரிசையாகக் கல் கொடுத்து நன்றாகத் தூக்கி வைத்தான். மூக்குப் பக்கத்தில் ஒரு பலகையை எடுத்துச் சின்ன ஜன்னல் வைத்தான். மழைக்காலத்து வாடைக்காற்று அதில் நுழைந்து, படகு முழுக்க நடந்து, பின்கதவு வழியாகப் போனது. தரைப் பலகைகளை இந்தத் தடவை ஆணி அடிக்காமல், வேண்டும்போது தூக்குகிற மாதிரி வைத்தார்கள்.

காசியம்மாள் கழுவுவதை மட்டும் விடவில்லை. குடம் செம்பாகச் சுருங்கியது, அவ்வளவுதான். ஊற்றிவிட்டு உடனே வடக்குப் பக்கம் ஓடிப்போய்க் குழாயில் வருகிறதா என்று பார்ப்பாள். வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

தீபத்துக்கு முதல்நாள் மத்தியானம் மழை கொட்டியது. சரசு கடைக்குள் ஓடி, கூரையை நிமிர்ந்து பார்த்தபடி நின்றாள். எல்லாமே தன் தப்புக் கணக்கோ? கூரைதான் காரணமாக இருந்து, தான் ஊரையே கிளப்பிவிட்டோமோ? மழை விட்டதும், மறுபடி உப்புப் போட்டு வைத்திருந்த தொட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குலுக்கினாள். பின்பக்கத் தரையில் இருந்ததைக் கடைசியாக, கண்ணை மூடிக்கொண்டு குலுக்கினாள்.

கலகலவென்றது. அவள் அதை மறுபடி குலுக்கினாள். இன்னொரு தரமும் குலுக்கினாள்.

"போதும்டி," என்றாள் காசியம்மாள் பந்தலிலிருந்து. "கிலுகிலுப்பை ஆட்டறதுக்கு இன்னும் புள்ள பொறக்கல."

தீபத்தன்று காலையிலேயே சுப்பிரமணி வந்துவிட்டான். லாரியை வேங்கிக்கால் பக்கம் நிறுத்திவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வந்திருந்தான். பெரிய உடம்பு, பெரிய குரல்.

"இன்னா மச்சான், பெட்டி கட்டிட்டியா? நாளைக்கு விடியக் காலம் கிளம்பறோம். படகு எப்படி? நீச்சல் அடிக்குதா?"

"சாயந்தரம் பேசலாம்டா. அந்தப் பால் தவலையைக் கொஞ்சம் பிடி," என்றான் சடையன்.

பிடித்த சுப்பிரமணியை அதற்கப்புறம் யாரும் விடவில்லை. பாதை முழுக்க ஜனம். செஞ்சி, போளூர், செங்கம் என்று பக்கத்து ஊர்களெல்லாம் மலையைச் சுற்றிக்கொண்டிருந்தன. தெற்கே இருந்து நடந்து வருகிறவர்களுக்குப் புளிய மரங்களுக்கு நடுவே ஒரு படகின் விலா தெரிந்தால் சும்மா போவார்களா? "அட, கப்பல்டோய்!" என்று ஒரு பிள்ளை கத்தும், குடும்பமே திரும்பும். திரும்பினவர்கள் டீ குடித்தார்கள். முறுக்கு வாங்கினார்கள். முறுக்கு 'படக்' என்று ஒடிகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் சரசு திரும்பிப் பார்த்தாள்.

மாலை ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் ஏறியது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று பாதை மொத்தமும் ஒரே குரலாக எழுந்தது. சடையன் கையில் இருந்த கிளாஸோடு கும்பிட்டான். டீ முழங்கை வழியாக ஓடியது. காசியம்மாள் அழுதாள். அழுது முடித்ததும், இத்தனை பேர் மிதித்த கடையைத் தீபம் பார்த்த கையோடு சுத்தம் பண்ணியே ஆக வேண்டும் என்று ஒரு செம்புக்குப் பதில் ஒரு குடமே ஊற்றிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் வடக்குப் பக்கம் ஒரே கூட்டமாக இருக்கிறதே என்று சரசு எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் பதறிப்போனாள். காசியம்மாள் பொட்டு வைத்திருந்த குழாயிலிருந்து மஞ்சள் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு அம்மாள் அதைக் கையில் ஏந்திப் புருஷன் தலையிலும் பிள்ளைகள் தலையிலும் தெளித்துக்கொண்டிருந்தாள். பின்னால் பத்துப் பதினைந்து பேர் வரிசையாக நின்றார்கள். ஒருத்தர் செம்பை வேறு கழுவி வைத்திருந்தார்.

"ஐயோ, தெளிச்சிக்காதீங்கம்மா! அது கடை கழுவுன தண்ணி!"

அந்த அம்மாள் கையை எடுக்காமலே திரும்பினாள். "இருக்கட்டும் தாயி. வடக்கால வருது, மஞ்சளா வருது, மலையைப் பாத்துக்கிட்டு நிக்குது. நாங்க ஏதோ தெளிச்சிக்கறோம், உனக்கு இன்னா நட்டம்?"

சரசு மாமியாரைப் பார்த்தாள். காசியம்மாள் முகத்தில் பெருமையும் வெட்கமும் மாறி மாறி வந்தன. கடைசியில் வெட்கம் ஜெயித்தது. ஒரு வாளியைக் கொண்டுவந்து குழாய்க்கு அடியில் வைத்து, முந்தானையால் பொட்டையும் மறைத்துக்கொண்டு நின்றாள். "சாமிங்களா, கொஞ்ச தூரத்துல கோயில் இருக்குது. அங்க போய்க் கும்புடுங்க. இங்க டீதான் கிடைக்கும்," என்றாள்.

கூட்டம் சற்றே தணிந்த நேரத்தில் சுப்பிரமணி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கல்லாப் பக்கம் வந்து பீடியை எடுத்தான். சடையன் ஒரு தீப்பெட்டியை எடுத்து நீட்டினான். உள்ளே முறுக்கு டின்னை நிரப்பிக்கொண்டிருந்த சரசுவின் கை நின்றது.

சுப்பிரமணி உரசினான். சர்ரென்று பற்றியது. ஒரே உரசல்.

"நல்ல சரக்கு," என்றான் அவன், புகையை விட்டுக்கொண்டே. "சரி, நாளைக்கு எத்தனை மணிக்கு வரே?"

சடையன் அலமாரியைப் பார்த்தான். தீப்பெட்டி வரிசை காலியாகிக் கடைசிப் பெட்டிதான் சுப்பிரமணி கையில் இருந்தது. அப்பளக் கட்டும் இல்லை. பீடி ஒரே ஒரு கட்டு.

"விடியக் காலம் வர முடியாது மச்சான். டவுனுக்குப் போய்ச் சரக்கு எடுக்கணும். தீப்பெட்டி பண்டல், அப்பளம், சர்க்கரை எல்லாம். நீ போற வழிதானே? லாரியில என்னையும் மூட்டையையும் ஏத்தி இங்க எறக்கி வுட்டுட்டு அப்புறம் பம்பாய்க்குப் போ."

"போற வழியா இது? டேய், பம்பாய் அந்தப் பக்கம்!"

"மலையைச் சுத்தின புண்ணியம் உனக்கு. போடா."

சுப்பிரமணி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ராமன் கூடை காலியாகி வந்து நின்றான். "சடையா, தீப்பெட்டி," என்று கையை நீட்டினான்.

"தீந்துபோச்சு," என்றான் சடையன். "அடுப்புல குனிஞ்சு பத்த வெச்சிக்கோ."

உள்ளே சரசு, டின்னில் போட வேண்டிய முறுக்கு ஒன்றைத் தன்னையறியாமல் ஒடித்தாள். சத்தம் கேட்டு மாமியார் திரும்பினாள். சரசு மீதிப் பாதியை அவளிடம் நீட்டினாள்.